லீலாபாயக்காவை வழியனுப்பிய கதை

பூசணிக்குறிச்சியில் புத்தியில்லாதவர் என்று ஒருவரும் கிடையாது. எல்லாரிடமும் புத்தி இருக்கிறது. எடுத்தால் தேய்ந்துவிடுமோ என்று பத்திரமாக வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அப்படி ரொம்பவும் பத்திரமாக வைத்திருந்த நாலு பேரின் கதை இது.

முதல் ஆள் வெயிலுமுத்து. வீட்டுக்குப் பின்னால் அவனுக்கு ஒரு புடலம்பந்தல் உண்டு. புடலங்காய் வளையாமல் நேராக வளர அதன் நுனியில் கல் கட்டித் தொங்கவிடுவார்கள் அல்லவா, அந்தக் கல்லை எப்போது கட்டுவது, எவ்வளவு கனத்தில் கட்டுவது என்பதில் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. குறை என்னவென்றால், அதைக் கேட்கவும் ஆள் கிடையாது. அவன் வாயைத் திறந்தால் டீக்கடையில் பாதி டீயோடு எழுந்து போய்விடுவார்கள். ஒரு தடவை சாவு வீட்டில் பேச ஆரம்பித்தான். தூக்குவதற்கு இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தும், எல்லாருமாகச் சேர்ந்து தூக்கிவிட்டார்கள்.

அவனுக்கு மூன்று கூட்டாளிகள். கொம்பையா பத்தாம் வகுப்புப் பரீட்சையை மூன்று தடவை எழுதியவன். மற்றவர்கள் ஒரு தடவைகூட எழுதாததால் அவன் சொல்வதுதான் தீர்ப்பு. தவசி எதற்கும் சந்தேகம் கேட்பான். என்ன பதில் சொன்னாலும் ஒப்புக்கொள்வான். மூன்றாவது ஆள் பூலோகம். அவனிடம் செவலை என்று ஒரு ஆடு உண்டு. பூலோகம் எங்கே போனாலும் செவலையும் போகும். இரண்டில் எது எதை மேய்க்கிறது என்பது ஊருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நாலு பேருமாகச் சேர்ந்து ஒரு போன் வாங்கினார்கள். வாங்கச் சொன்னவன் வெயிலுமுத்துதான்.

"இத்தனை கோடிப் பேரு இந்தப் போனுக்குள்ள இருக்கானாம்ல. புடலங்காயப் பத்தி நான் பேசுறதக் கேக்க ஒரே ஒரு ஆளு கிடைக்காதா?" என்று கேட்டான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மனுஷனுக்கு அது ஒன்றுதான் குறை.

போன் வந்த வாரத்தில் தொண்ணூற்றெட்டுப் பேருக்கு நட்பு அழைப்பு அனுப்பினான். கூடவே காலையில் ஒரு வணக்கம், மதியம் 'சாப்பிட்டாச்சா', சாயங்காலம் 'ஏன் பதில் இல்லை'. தொண்ணூற்றேழு பேர் கதவைச் சாத்தினார்கள். தொண்ணூற்றெட்டாவது ஆள் மட்டும் சாத்துவதற்கு முன்னால் ஒரு வரி எழுதினார்: "முன்பின் தெரியாதவர்களிடம் மரியாதையாகப் பழகக் கற்றுக்கொள்ளுங்கள்."

வெயிலுமுத்துவுக்கு ரோஷம் வந்துவிட்டது. இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் நாலு பேரும் செவலையும் இ-சேவை மையத்துக்குப் போனார்கள்.

அங்கே கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த ஜெசிந்தாவுக்கு முன்னால் முப்பது பேர் ரேஷன் கார்டோடு நின்றார்கள். "போன்ல மரியாதையாப் பழகுறது எப்படின்னு ஒரு தாள் வேணும்" என்று கொம்பையா கேட்டான். அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே எதையோ தேடி, ஒரு பக்கத்தை அச்செடுத்து நீட்டினாள்.

"இதுல உள்ளபடி அப்படியே செய்யுங்க. ஒண்ணு விடாமச் செய்யணும். முதல்ல ஆட்ட வெளிய கூட்டிட்டுப் போங்க."

நல்ல பெண். அந்த 'அப்படியே' என்ற வார்த்தையை மட்டும் அவள் வாய்க்குள்ளேயே வைத்திருந்திருக்கலாம்.

வெயிலுமுத்து வீட்டு நடுவில் பாயை விரித்து, தாளை அதன் மேல் வைத்து, கொம்பையா எழுத்துக் கூட்டி வாசித்தான். முதல் விதி: உங்கள் உண்மையான பெயரையும் உண்மையான முகத்தையும் காட்டுங்கள்.

"போன் நாலு பேருக்கும் பொது. ஒருத்தன் பேர மட்டும் போட்டா மூணு பேரு ஒளிஞ்சிருக்கிற மாதிரி ஆயிருமே" என்றான் தவசி.

நியாயம்தானே? ஆகவே பெயர் 'வெயிலுமுத்து கொம்பையா தவசி பூலோகம்' ஆயிற்று. முகத்துக்கு நாலு பேரும் புடலம்பந்தலுக்கு முன்னால் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கொம்பையா அதை வெகுநேரம் பார்த்தான்.

"இதுல முன்பக்கம்தான் தெரியுது. பின்னால என்னத்தையோ மறைக்கான்னு நினைச்சிருவாவ."

திரும்பி நின்று நாலு பிடரியையும் படம் எடுத்து, அதையும் மேலே போட்டார்கள். தவசியின் பிடரியில் கிடந்த சுண்ணாம்புக் கறையைத் துடைக்கலாமா என்று கேள்வி வந்தது. உண்மையான பிடரி என்பதால் விட்டுவிட்டார்கள்.

அப்புறம்தான் கொடிக்காய் வளர்ப்பவர்கள் கூடும் ஒரு குழுவில் வெயிலுமுத்து அந்தப் படத்தைப் பார்த்தான். ஒரு கதவு, கதவைவிட உயரமாக ஒரு புடலங்காய், பக்கத்தில் மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு அம்மாள். பெயர் லீலாபாய், ஊர் நாகர்கோவில் பக்கம். கீழே எழுதியிருந்தார்: "புடலை வளைவதற்குக் கல் காரணமில்லை. கட்டுகிற ஆளுக்குப் பொறுமை இல்லை. ஒரு வாரம் முந்திக் கட்டுகிறார்கள்."

வெயிலுமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டான். பதினெட்டு வருஷமாக அவன் சொல்லிக்கொண்டிருப்பதும் இதையேதான். கேட்டவர்கள் யாரும் இந்த வரி வருகிற வரைக்கும் இருந்ததில்லை.

"இவியதாம்ல. எனக்கு வேற யாரும் வேண்டாம். இந்த ஒருத்தரையும் நான் கெடுத்துக்கிடக் கூடாது" என்றான். கண் கலங்கிவிட்டது.

"கெடுக்க விட மாட்டோம்" என்றான் கொம்பையா. "தாள் இருக்குல்லா?"

இரண்டாவது விதி: கதவைத் தட்டிவிட்டுக் காத்திருங்கள், இடித்துக்கொண்டே இருக்காதீர்கள். கொம்பையா நடுவிரலை மடக்கிப் போன் கண்ணாடியில் மூன்று தட்டு மெதுவாகத் தட்டினான். அதன் பிறகு வெயிலுமுத்து நட்பு அழைப்பை அமுக்கினான். நாலு பேரும் போனைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"நான் போய்ப் பந்தலுக்குத் தண்ணி விட்டுட்டு வாரேன்" என்று வெயிலுமுத்து எழுந்தான்.

"உக்காருல" என்றான் கொம்பையா. "காத்திருக்கணும்னு போட்டிருக்கு. தண்ணி விட்டா அது தண்ணி விடுறது. காத்திருக்கிறது ஆகாது."

நாலு நாள் காத்திருந்தார்கள். பந்தல் வாடியது. செவலை வாசலில் காய்ந்துகொண்டிருந்த தவசியின் வேட்டியில் பாதியைத் தின்றது. அதை விரட்ட எழுவது காத்திருப்பதில் சேருமா என்று பேசி முடிப்பதற்குள் மீதியையும் தின்றுவிட்டது. ஐந்தாம் நாள் போன் சிணுங்கியது. லீலாபாய் அழைப்பை ஏற்றுக்கொண்டு, "வணக்கம்" என்று எழுதியிருந்தார்.

நாலு பேரும் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வெயிலுமுத்து விரலைத் துடைத்துக்கொண்டு 'வணக்கம் அக்கா, புடலை விஷயத்தில்' என்று ஆரம்பித்தான். கொம்பையா அவன் கையைப் பிடித்துக்கொண்டான்.

"மூணாவது விதி என்ன தெரியுமா? நீங்கள் பேசுவதைப் போல இரண்டு மடங்கு கேளுங்கள்."

"சரி, கேக்கேன்."

"எப்படிக் கேப்ப? அவிய சொன்னது ஒரு வார்த்த. அப்போ நீ எவ்வளவு சொல்லலாம்?"

வெயிலுமுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். கணக்கு அரை வார்த்தையில் வந்து நின்றது.

"அரை வார்த்தையில நான் எப்படிக் கல்லு கட்டுறதச் சொல்லுவேன்?"

"மரியாதைன்னா கஷ்டம் இருக்கத்தான்ல செய்யும்" என்றான் கொம்பையா.

ஆகவே வெயிலுமுத்து, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகத் தன் பேச்சைக் கேட்கக் கிடைத்த ஆளுக்கு, "வண" என்று எழுதி அனுப்பினான்.

லீலாபாய்க்கு ஒன்றும் புரியவில்லை. கொஞ்ச நேரம் கழித்து எழுதினார்: "என்ன ஆச்சு, டைப் பண்ண முடியலையா? நான் நாகர்கோவில் பக்கம். உங்க பந்தல் பாத்தேன். கல் எப்போ கட்டுவிய?"

தவசி எண்ணினான். பதினாலு வார்த்தை. தப்பாக இருக்குமோ என்று பூலோகம் புளியங்கொட்டை வைத்து மறுபடியும் எண்ணினான். அதே பதினாலு. வெயிலுமுத்துவுக்கு ஏழு வார்த்தை கிடைத்தது. பதினெட்டு வருஷ அனுபவத்தை ஏழு வார்த்தைக்குள் அடைக்க அவனுக்கு ஒரு முழுநாள் பிடித்தது. வியர்த்துக் கொட்டியது. கடைசியில் அனுப்பினான்: "பிஞ்சு விரல் நீளம் வந்ததும் சின்னக் கல் மட்டும்."

அப்புறம் ஒரு நீளமான கடிதமே வந்தது. அதன் சாரம் இதுதான்: அந்தக் குழுவில் எல்லாரும் எல்லாருக்கும் புத்தி சொல்கிறார்கள். ஒருவர் எழுதியதை ஒருவர் முழுசாக வாசிப்பது கிடையாது. கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். இவ்வளவு விஷயம் தெரிந்தும் இவ்வளவு அடக்கமா, தம்பி?

ஊரில் யாராவது அதை வாசித்திருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள். வெயிலுமுத்து அதை ஆறு தடவை வாசித்தான்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு லீலாபாய் வருவார். அவர் வந்திருக்கும்போது பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி தெரியும். போய்விட்டால் புள்ளி அணைந்துவிடும். விதைகளைப் பற்றி, வண்டு அடித்த பிஞ்சைப் பற்றி, மழை வருமா என்பதைப் பற்றி எழுதுவார். இவன் எண்ணிப் பார்த்துப் பாதி எழுதுவான். அவருக்கு அது பிடித்திருந்தது. அவனுக்கும், சொன்னால் நம்ப மாட்டீர்கள், பிடித்துப்போயிற்று. இரண்டு மடங்கு கேட்டால் இரண்டு மடங்கு விஷயம் தெரிகிறது என்பதை அவன் ஒரு அதிசயம் போலக் கண்டுபிடித்திருந்தான்.

இத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் தாளில் நாலாவது விதி மீதி இருந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் எப்படி நடந்துகொள்வீர்களோ, அப்படியே இணையத்திலும் நடந்துகொள்ளுங்கள்.

"நம்ம இத்தன நாளும் உக்காந்துக்கிட்டே பேசிட்டோம்ல" என்று கொம்பையா தலையில் கைவைத்தான்.

மறுநாளிலிருந்து பச்சைப் புள்ளி வந்ததும் நாலு பேரும் எழுந்து நின்று தோள் துண்டை இடுப்பில் கட்டினார்கள். போனுக்குப் புதுப்பாய் போட்டார்கள். பக்கத்தில் ஒரு சொம்புத் தண்ணீர் வைத்தார்கள். அக்கா குடிக்காமல் மிச்சம் வைக்கிற தண்ணீரை, மரியாதைக் குறைவாக ஆகிவிடக் கூடாது என்று, பூலோகம் எடுத்துக் குடித்தான். வெயில் அதிகமாக இருந்த நாட்களில் தவசி போனுக்கு விசிறினான்.

ஐந்து மணிக்கு லீலாபாய், "சரி தம்பி, வேலை கிடக்கு" என்று எழுதினார். புள்ளி அணைந்தது.

"அக்கா போயிட்டாவ" என்றான் வெயிலுமுத்து.

"நீ என்னல செஞ்ச?" என்று கேட்டான் கொம்பையா.

"சும்மா இருந்தேன்."

"வீட்டுக்கு வந்த பொம்பளைய வாசலோட விட்டுட்டு நிக்கோம். நம்ம ஊர்ல யாரும் அப்படிச் செய்வாவளா? பஸ் ஏத்திவிட்டு, பஸ்ஸு குளத்தங்கரை திரும்புற வரைக்கும் கையாட்டணும்லா?"

உண்மைதான். பூசணிக்குறிச்சியில் அது பெரிய வழக்கம். விருந்தாளியை வரவேற்காமல் விட்டாலும் விடுவார்கள், வழியனுப்பாமல் விட மாட்டார்கள்.

தவசிக்கு வழக்கம்போல் சந்தேகம் வந்தது. "அக்கா நாகர்கோவில்லல்லா இருக்காவ?"

"நாகர்கோவில்ல இருக்கிறவிய இங்கருந்து எப்படிப் போவாவ? போயிட்டாவன்னு இவன் சொன்னான், நீயும் கேட்ட. போயிருக்காவன்னா இங்க இருந்திருக்காவ."

தவசி ஒப்புக்கொண்டான். ஐந்து பத்துக்குத்தான் பஸ். நாலு பேரும் செவலையும் ஓடினார்கள்.

பஸ் புறப்பட்டது. நாலு பேரும் துண்டைச் சுழற்றிக் கையாட்டினார்கள். ஜன்னலோரம் இருந்தவர்கள் நமக்குத்தான் என்று நினைத்துப் பதிலுக்கு ஆட்டினார்கள். கண்டக்டர் மட்டும் படியில் தொங்கியபடி, "யாரய்யா ஏத்திவிடுதிய?" என்று கேட்டார்.

"லீலாபாயக்காவ!"

"எந்த சீட்டு?"

"அது தெரியாது, பாத்துக் கூட்டிட்டுப் போங்க!"

தினமும் இதேதான். முதல் வாரம் கண்டக்டர் திட்டினார். இரண்டாம் வாரம் சிரித்தார். மூன்றாம் வாரம் அவரே, "லீலாபாய் ஏறியாச்சு, ரைட்!" என்று விசில் கொடுத்தார். ஒரு நாள் இவர்கள் வர இரண்டு நிமிஷம் தாமதமானபோது பஸ்ஸை நிறுத்திவைத்து, "இருங்கய்யா, லீலாபாய் இன்னும் வரல" என்று பயணிகளைச் சமாதானம் செய்ததாகவும் கேள்வி.

இப்படி நாற்பது நாள் ஓடியது. நாற்பத்தோராம் நாள் லீலாபாய் எழுதினார்: "தம்பி, உங்க பந்தல நேர்ல பாக்கணும். வியாழக்கிழமை காலையில பதினொரு மணி பஸ்ஸுக்கு வாறேன். ஆள் உயரத்துக்கு மேல வளந்தாலும் காய் வளையாத ஒரு விதை வச்சிருக்கேன். கொண்டு வாறேன்."

வெயிலுமுத்துவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பந்தலுக்குப் போனான். ஒவ்வொரு காயையும் தொட்டுப் பார்த்தான். ஒரு உயிராவது தன் பந்தலைப் பார்க்க பஸ் ஏறி வருகிறதே என்று நினைத்து, புடலை இலையிலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டான். நடுப்பந்தலில் நேராகத் தொங்கிய ஆறடிக் காய் ஒன்றை அக்காவுக்கென்று குறித்துவைத்தான்.

கொம்பையா கடைசி விதியை எடுத்தான். இணையத்தில் பழகியவரை முதன்முதலில் சந்திக்கும்போது, நாலு பேர் பார்க்கும்படியான பொது இடத்தில் சந்தியுங்கள்.

"பஸ் ஸ்டாப்பு பொது இடம்தான். நாலு பேரு இருக்கோம்" என்றான் பூலோகம்.

"வெயிலு சந்திக்கிற ஆளு. மிச்சம் மூணு பேருதான் பாக்கதுக்கு இருக்கோம்" என்றான் தவசி.

எல்லாரும் செவலையைப் பார்த்தார்கள். செவலையும் எல்லாரையும் பார்த்தது. பார்க்கத் தெரிகிறது என்று தீர்மானமாயிற்று.

வியாழக்கிழமை பத்தரை மணிக்கே பஸ் ஸ்டாப்பில் நின்றார்கள். நாலு பேரும் வெள்ளை வேட்டி. தவசிக்குப் பூலோகத்தின் வேட்டி. வெயிலுமுத்து தோளில் ஆறடிப் புடலங்காய். போனில் பச்சைப் புள்ளி இருந்தது. லீலாபாய் பஸ்ஸிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார்: குளம் தெரிகிறது, பனைமரம் தெரிகிறது, கோயில் தெரிகிறது.

பதினோரு மணிக்கு ஒரு நிமிஷம் இருக்கையில் புள்ளி அணைந்தது.

இறங்குவதற்காகப் போனைப் பைக்குள் போட்டிருப்பார். உங்களுக்கும் எனக்கும் அது தெரிகிறது. வெயிலுமுத்துவின் முகம் வெளுத்துவிட்டது.

"அக்கா போயிட்டாவ."

"வாரேன்னுதானல சொன்னாவ?" என்றான் தவசி.

"காலையிலருந்து வந்துதான இருந்தாவ. இப்பப் போயிட்டாவ" என்றான் கொம்பையா. "நம்ம குடுத்துவச்சது அவ்வளவுதான். அழாதல. துண்ட எடு. வழியனுப்பவாவது செய்வோம்."

அந்த நேரம் பார்த்து பஸ் வந்து நின்றது. வந்த பஸ்ஸேதான் திரும்பிப் போகும். அதற்குள் கண்டக்டர் ஆளை இறக்கி ஆளை ஏற்றிவிடுவார். படியில் ஒரு அம்மாள் இறங்கினார். மூக்குக் கண்ணாடி, கையில் துணிப்பை, முகமெல்லாம் சிரிப்பு.

"தம்பி! நான்தான் லீலாபாய்!"

நாலு பேருக்கும் உடம்பு சிலிர்த்தது. நாற்பது நாளாக வெறும் பஸ்ஸைப் பார்த்துக் கையாட்டியவர்கள் அவர்கள். இன்றைக்கு ஏற்றிவிடுவதற்கு ஆளே நேரில் வந்து நிற்கிறது!

"அக்கா" என்று வெயிலுமுத்து கூப்பிட்டான். "கிளம்பிட்டியளாக்கா?"

"கிளம்பவா? இப்பத்தானப்பா இறங்குதேன்!"

கொம்பையா வெயிலுமுத்துவின் காதில் சொன்னான்: "போக மனசில்லாதவிய இப்படித்தாம்ல பேசுவாவ. நம்மதான் தைரியம் சொல்லி ஏத்திவிடணும்."

தவசி பையை வாங்கிக்கொண்டான். பூலோகம் படியில் வழி விலக்கினான். "பாத்து ஏறுங்கக்கா, கம்பியப் பிடிச்சுக்கிடுங்க" என்று மூன்று பேரும் எவ்வளவு மரியாதையாக ஏற்றினார்கள் என்றால், லீலாபாய் எந்த நொடியில் தரையிலிருந்து படிக்குப் போனார் என்பது அவருக்கே தெரியவில்லை. கண்டக்டர் வேறு சேர்ந்துகொண்டார்.

"நீங்கதானா அந்த லீலாபாய்! நாப்பது நாளா உங்கள ஏத்திக்கிட்டுப் போறேன், இன்னிக்குத்தான் முகத்தப் பாக்கேன். உக்காருங்க, உங்க சீட்டு காலியாத்தான் இருக்கு."

வெயிலுமுத்து ஆறடிக் காயை ஜன்னல் வழியாக உள்ளே விட்டான். அது உள்ளே போய், மறுபக்க ஜன்னல் வழியாகக் கொஞ்சம் வெளியே வந்தது. விசில் கேட்டது. பஸ் குளத்தங்கரை திரும்புகிற வரைக்கும் நாலு துண்டும் சுழன்றன. ஜன்னலில் அக்காவின் வாய் திறந்தது திறந்தபடியே இருந்ததை வெயிலுமுத்து பார்த்தான். பிரிவு என்றால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

அழுதுகொண்டே வீடு வந்தார்கள். பாயில் போனை வைத்ததும் பச்சைப் புள்ளி எரிந்தது.

"வந்துட்டாவ!" என்று வெயிலுமுத்து கூவினான். "போனவிய திரும்பி வந்துட்டாவல!"

நாலு பேரும் எழுந்து நின்றார்கள். சொம்பில் தண்ணீர் வந்தது. லீலாபாய் எழுதியிருந்தார்: "அடுத்த ஊர்ல நிக்கேன். கூட்டிட்டுப் போக வாங்க."

"ஆறு வார்த்த. நமக்கு மூணு" என்றான் தவசி. "போவமா கூப்பிட?"

"உனக்கு மூளை இருக்கால?" என்றான் கொம்பையா. "விருந்தாளி வீட்டுல இருக்கையில, நாலு பேரும் வீட்டப் பூட்டிட்டு வெளிய போறதா?"

வெயிலுமுத்து மூன்று வார்த்தையில் பதில் அனுப்பினான்: "உக்காருங்க. தண்ணி குடிங்க."

அடுத்த ஊரில் நின்றுகொண்டு லீலாபாய் இதை வாசித்தபோது என்ன நினைத்தார் என்று நமக்குத் தெரியாது. கோபம் வந்திருந்தால் அடுத்த பஸ் ஏறித் தன் ஊருக்கே போயிருக்கலாம். அந்த அம்மாள் ஷேர் ஆட்டோ பிடித்தார்.

அரைமணி நேரத்தில் யாரோ வாசல் கதவைத் தட்டினார்கள்.

"தட்டிட்டுக் காத்திருக்கணும்!" என்று கொம்பையா உள்ளிருந்து குரல் கொடுத்தான். "உள்ள ஆளு இருக்கு!"

கதவு மறுபடியும் தட்டப்பட்டது. "விதி தெரியாத ஆளு" என்று பூலோகம் தலையை ஆட்டினான். போனில் செய்தி வந்தது: "தம்பி, நான்தான். கதவைத் திறங்க."

வெயிலுமுத்து வாசித்துவிட்டுத் திகைத்து நின்றான். "கதவத் திறக்கச் சொல்லுதாவ."

"உள்ள இருக்கிறவிய கதவத் திறக்கச் சொன்னா என்னல அர்த்தம்?" என்று கேட்டான் கொம்பையா.

தவசி யோசித்தான். பூலோகம் யோசித்தான். வெயிலுமுத்துவுக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. "அதுக்குள்ளயா கிளம்புதாவ?"

துண்டை எடுத்துக்கொண்டு கதவைத் திறந்தார்கள். லீலாபாய் வாசலில் நின்றார். தோளில் ஆறடிப் புடலங்காய்.

"அதுக்குள்ள வாசலுக்கே வந்துட்டியளேக்கா!" என்றான் வெயிலுமுத்து.

லீலாபாய் அவன் முகத்தைப் பார்த்தார். உள்ளே விரித்திருந்த புதுப்பாயை, அதன் மேல் பச்சைப் புள்ளியோடு கிடந்த போனை, பக்கத்தில் இருந்த சொம்பைப் பார்த்தார். நாற்பது நாளும் தன்னை இவர்கள் எங்கே உட்காரவைத்திருந்தார்கள் என்பது அவருக்கு அப்போது விளங்கியது. சிரிப்புத்தான் வந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஆனால் மரியாதை தெரிந்த மனுஷி, ஒன்றும் கேட்கவில்லை.

"ஆமா தம்பி, கிளம்பிட்டேன். பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வாங்க. பந்தல் வழியாப் போவமா?"

அந்த வழியனுப்புதல் மாலை ஐந்து பத்து வரைக்கும் நடந்தது. பந்தலுக்கடியில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு லீலாபாய் உட்கார்ந்தார். வெயிலுமுத்து ஒவ்வொரு காயின் கல்லையும் அவிழ்த்துக் கையில் கொடுத்தான். அவர் கனம் பார்த்துத் திருப்பிக் கொடுத்தார். கொண்டுவந்த விதையை அவர் கையாலேயே ஊன்றினார். எண்ணிப் பேச அங்கே யாருக்கும் நினைப்பு வரவில்லை. பதினெட்டு வருஷப் பேச்சையும் அவன் பேசித் தீர்த்தான். அவர் ஒரு தடவைகூட எழுந்திருக்கவில்லை. வெயிலுமுத்துவின் வாழ்க்கையில் அப்படி ஒரு நாள் வந்ததில்லை.

ஐந்து பத்துக்கு பஸ் வந்தது. லீலாபாய் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார். வெயிலுமுத்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"தினமும் போன்ல வந்துட்டு இப்படி ஓடுனா எப்படிக்கா? ஒரு நாளாவது நேர்ல வந்துட்டுப் போங்க."